லேனியர் ஏரியில் குளிர்காலப் பாஸ்: ஒரே பள்ளத்தில் ஒரு முழு நாள்

ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் லேனியர் ஏரிக்குப் போய், கரையோரமாகப் படகை ஓட்டி, கண்ணில் பட்ட பாறை, விழுந்த மரம், படகுத்துறை என்று எல்லாவற்றிலும் தூண்டில் வீசிக்கொண்டே போனால், சாயங்காலம் வெறுங்கையோடு திரும்புவீர்கள். என் முதல் இரண்டு குளிர்காலங்கள் அப்படித்தான் போயின. அத்தனை நாளும் நான் பாஸ் என்ற வேட்டை மீனைத் தேடிக்கொண்டிருந்தேன். அது தின்னும் பொடிமீனைத் தேடத் தொடங்கிய பிறகுதான் கதை மாறியது. குளிர்காலத்தில் பொடிமீன் இருக்கும் பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதிலேயே விடியற்காலையிலிருந்து மாலை வரை மீன் பிடிக்கலாம். மீன் அந்தப் பள்ளத்தை விட்டுப் போகாது. நேரத்துக்கு நேரம் மேலே ஏறும், கீழே இறங்கும், அவ்வளவுதான். அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏரியும் மீனும்

அட்லாண்டாவுக்கு வடகிழக்கே, சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1950களில் கட்டிய பியூஃபோர்ட் அணையால் உருவானது லேனியர். செஸ்டட்டீ ஆறும் இதில் வந்து கலக்கிறது. பரப்பு சுமார் 38,000 ஏக்கர். நம் மேட்டூர் நீர்த்தேக்கம் நிரம்பினால் 59.25 சதுர மைல் என்பார்கள். லேனியரும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் இதன் கரையை அளந்தால் 690 மைல் போல வரும். மலையடிவாரத்து நிலம், நூற்றுக்கணக்கான ஓடைகள். தண்ணீர் ஏறியபோது ஒவ்வொரு ஓடையும் ஒரு விரலாக உள்ளே நீண்டுவிட்டது.

தண்ணீருக்கு அடியில் பழைய சாலைகள் இருக்கின்றன, வீட்டு அஸ்திவாரங்கள் இருக்கின்றன, ஆழத்தில் வெட்டாமல் விட்ட மரங்கள் நின்றபடி இருக்கின்றன. 2007 டிசம்பரில் பெரும் வறட்சியில் நீர்மட்டம் முழு அளவான, கடல்மட்டத்துக்கு மேல் 1,071 அடியிலிருந்து சுமார் 20 அடி இறங்கியபோது, முழுகிப் போயிருந்த ஒரு கார் பந்தயத் திடலின் பார்வையாளர் படிகள் வெளியே தெரிந்தன. மேட்டூரில் தண்ணீர் வற்றும்போது நந்தி தலைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு புரியும். மீன்பிடிப்பவருக்கு இது வெறும் கதை இல்லை. குளிர்காலத்தில் பாஸ் ஒதுங்குவது இந்த மாதிரி சாலை ஓரங்களிலும் மரங்களிலும்தான்.

ஜார்ஜியா என்றாலே பெருவாய் பாஸ்தான் பலருக்கு நினைவு வரும். 1932இல் ஜார்ஜ் பெர்ரி இந்த மாநிலத்தில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன் இன்றும் உலக சாதனைப் பட்டியலில் இருக்கிறது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் கிடைத்த ஒரு மீன் அதைச் சமன் செய்தது, முறியடிக்கவில்லை. ஆனால் லேனியரில் உங்கள் தூண்டிலில் பெரும்பாலும் மாட்டப்போவது புள்ளி பாஸ். அறிவியலாளர்கள் 2008இலிருந்து இதை அலபாமா பாஸ் என்று தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். ஏரிக்காரர்களுக்கு அது இன்னும் 'ஸ்பாட்'தான். வாயை மூடினால் மேல்தாடை கண்ணைத் தாண்டாது. வயிற்றுப் பக்கம் வரிசை வரிசையாகச் சின்னக் கரும்புள்ளிகள். சந்தேகம் வந்தால் வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தடவிப் பாருங்கள். நடுவில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக ஒரு இடம் இருந்தால் அது ஸ்பாட். விரல் விறைத்துப்போன காலையில்கூட அந்தச் சொரசொரப்பு தெரியும்.

இந்த ஸ்பாட் பெருவாய் பாஸைப் போல ஒரே புதருக்குள் பதுங்கிக் கிடக்காது. திறந்த தண்ணீரில் கூட்டமாகத் திரியும், பொடிமீனைத் துரத்தும். அந்தப் பொடிமீன் இரண்டு வகை: ஷேட், நீலமுதுகு ஹெர்ரிங். இரண்டும் நம் மத்திக்கும் உல்லத்துக்கும் தூரத்துச் சொந்தம். வெள்ளி மின்னும் உடம்பு, தொட்டால் உதிரும் செதில்.

குளிர் என்ன செய்கிறது

கோடையில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துகிடக்கும். மேலே வெதுவெதுப்பான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர். போகப் போகக் கீழடுக்கில் ஆக்சிஜன் குறைந்துவிடும். நவம்பர் கடைசி, டிசம்பர் வாக்கில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்கும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. கலக்கும் அந்தச் சில வாரங்கள் மீன்பிடி மந்தமாகத்தான் இருக்கும். கலந்து முடித்ததும் ஏரியில் மேலிருந்து அடிவரை ஆக்சிஜன், மேலிருந்து அடிவரை கிட்டத்தட்ட ஒரே வெப்பம். அதாவது பாஸ் 5 அடியிலும் இருக்கலாம், 50 அடியிலும் இருக்கலாம். குளிர்கால லேனியர் புதியவர்களைக் குழப்புவது இதனால்தான்.

ஜனவரியில் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி, அதாவது 10 டிகிரி செல்சியஸ் போல இருக்கும். கடும் குளிர் வந்தால் 45 வரை இறங்கலாம். பாஸ் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ந்தால் அதன் செரிமானமும் மெதுவாகும், பசியும் குறையும். தூரத்தில் போகும் இரையைத் துரத்தாது. ஆனால் ஷேட் குளிரை அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். 45 டிகிரியை ஒட்டி வந்ததும் அது தடுமாறத் தொடங்கும், பக்கவாட்டில் சாய்ந்து துடிக்கும், சிலது செத்து மிதக்கும். பாஸுக்கு உழைக்காமல் கிடைக்கும் சாப்பாடு அது. குளிர்காலத்தில் நாம் செயற்கை இரையை இழுப்பதெல்லாம் அந்தச் சாகும் ஷேட்டின் தள்ளாட்டத்தைக் காட்டத்தான்.

முந்தின நாள் இரவு: பள்ளத்தைத் தேர்ந்தெடுங்கள்

நாள் நன்றாக அமைவதும் வீணாவதும் வீட்டு மேசையிலேயே பாதி முடிவாகிவிடும். ஆழக்கோடுகள் போட்ட ஏரி வரைபடத்தை, கைப்பேசிச் செயலியிலோ படகின் திரையிலோ, திறந்து வையுங்கள். ஏதாவது ஒரு பெரிய ஓடைக்கரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏரியின் தென்பகுதியில் சிக்ஸ் மைல், யங் டியர், பால்ட்ரிட்ஜ், ஃப்ளவரி பிராஞ்ச் எல்லாமே நல்லவை. மழைக்குப் பிறகு வடக்கே இரண்டு ஆற்றுக்கைகளும் செம்மண்ணாகக் கலங்கும், தெற்கே தெளிவாகவே இருக்கும். அதனால் புதிதாக வருபவர்கள் தெற்கிலிருந்து தொடங்குவது நல்லது.

இனி ஓடையின் இரண்டு கரைகளையும் பாருங்கள். ஆழக்கோடுகள் சில இடங்களில் கரையை நோக்கி ஆப்பு மாதிரி உள்ளே குத்தி நிற்கும். ஏரி வருவதற்கு முன் மழைத்தண்ணீர் ஓடிய வாய்க்கால்கள் அவை. அங்கே அதை 'டிச்' என்பார்கள், நான் பள்ளம் என்றே சொல்கிறேன். கரைப்பக்கம் 5 அடியில் தொடங்கி, ஒரு நூறு கெஜத்துக்குள் 40, 50 அடி ஆழமான ஓடைத்தடத்தில் போய் விழுந்தால் அது குளிர்காலப் பள்ளம். பொடிமீன் இரவில் இதன் வழியாக மேலே ஏறிவரும். விடியும் நேரத்தில் பாஸ் பின்னாலேயே வந்து, இரண்டு பக்கமும் சரிவு இருப்பதால் தப்ப வழியில்லாத முட்டுச்சந்தில் அதை மடக்கும். வெயில் ஏறினால் எல்லாம் அதே வழியாக இறங்கும்.

ஒரே ஓடையில் இப்படி நான்கைந்து பள்ளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏரி முழுக்க நான்கைந்து வேண்டாம். இருட்டில் உறைகுளிரில் இருபது மைல் ஓடுவதில் போகும் நேரம்தான் மீன் கடிக்கும் நேரம்.

இதே இரவு உரிமத்தையும் பாருங்கள். 16 வயதும் அதற்கு மேலும் ஆன எவருக்கும் ஜார்ஜியா மீன்பிடி உரிமம் வேண்டும். மாநில இயற்கை வளத்துறையின் இணையதளத்தில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். லேனியரில் பாஸ் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லா பாஸ் இனங்களும் சேர்த்து நாளுக்கு 10தான். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டுக் கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

தூண்டில்கள்

கடைக்குப் போனால் பணத்துக்கு முடிவே இருக்காது. நான் குளிர்காலத்துக்கு நான்கே தூண்டில் கோல்களைத்தான் படகில் வைக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு வகைச் செயற்கை இரை.

முதலாவது அண்டர்ஸ்பின். மீன்தலை வடிவ ஈயத்தின் தாடைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு சுழலும். முள்ளில் வாலாட்டும் வெள்ளை ரப்பர் மீன். எடை கால் அவுன்ஸிலிருந்து எட்டில் மூன்று அவுன்ஸ் வரை. விடியற்காலைப் பள்ளத்துக்கு இதைவிட எனக்குப் பிடித்தது வேறில்லை.

இரண்டாவது ஜெர்க்பெய்ட். ஒல்லியான, நீளமான பிளாஸ்டிக் மீன். இழுப்பதை நிறுத்தினால் மிதக்கவும் கூடாது, முழுகவும் கூடாது, அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். வாங்கும்போது அந்த ரகம்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது ஷேக்கி ஹெட். உருண்டைத் தலை முள்ளில் ஒரு ரப்பர் புழு. பாறைமேல் இழுக்க.

நான்காவது டிராப் ஷாட். ஆழத்தில், செங்குத்தாக இறக்க. ஈயம் கீழே, முள் அதற்கு ஓரடி மேலே. இதைக் கட்டுவது மட்டும் சொல்லித் தர வேண்டிய ஒன்று. நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் கண்ணுக்குள் விடுங்கள். மடித்த நரம்பிலேயே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். நுனியில் இருக்கும் வளையத்துக்குள் முள்ளை முழுசாக நுழைத்து, எச்சிலால் ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். மிச்ச நரம்பை ஒன்றரை அடி நீளத்துக்கு விட்டுவைத்து, அதை முள்ளின் கண்ணுக்குள் மேலிருந்து கீழாக மறுபடி ஒருமுறை விடுங்கள். அப்போது முள் தொங்காமல் நரம்பிலிருந்து வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். நுனியில் கால் அவுன்ஸ் ஈயம். முள்ளில் நான்கு அங்குலப் புழுவையோ ரப்பர் பொடிமீனையோ மூக்கில் லேசாகக் குத்துங்கள்.

தெற்கு லேனியர் குளிர்காலத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். தடித்த தங்கூஸ் போட்டால் மீன் பார்த்துவிடும். ரீலில் 10 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் நுனியில் 6 அல்லது 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன், அதாவது தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பு, ஒரு பத்தடி. ஷேக்கி ஹெட்டுக்கும் டிராப் ஷாட்டுக்கும் இது போதும். பெரிய மீன் மாட்டினால் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், ரீலின் பிடியைத் தளர்த்தி வையுங்கள், அது ஓடட்டும். ஆழமான தண்ணீரில் சிக்க வழியில்லை, மரத்துக்குள் போனால்தான் ஆபத்து.

இறங்குவதற்கு முன்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

நம் ஆட்கள் பலர் இதை வேகமாகப் படித்துவிட்டுப் போவார்கள். தயவுசெய்து நின்று படியுங்கள். 50 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும் முதல் நிமிடத்தில் ஒன்றுதான். குளிர் உடம்பில் அடித்ததும் தன்னையறியாமல் வாய் திறந்து மூச்சை உள்ளிழுப்போம். தலை தண்ணீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சே போதும். குளிர்தண்ணீர் ஆராய்ச்சியாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்: 1, 10, 1. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்கும் நேரம் பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தைத் தாண்ட உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும். பெட்டியில் இருந்தால் பயனில்லை.

ஜார்ஜியாவில் ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அதைப் போட்டிருப்பது சட்டம். குளிர்காலத்தில் பெரியவர்களும் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், கரை திரும்பும்வரை கழற்றாதீர்கள். ஆள் விழுந்தால் மோட்டாரை அணைத்துவிடும் கில் ஸ்விட்ச் கயிற்றைச் சட்டையில் மாட்டுங்கள். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து இது கூட்டாட்சிச் சட்டமாகவே வந்துவிட்டது. தனியாகப் போய் விழுந்தவரை விட்டுவிட்டுப் படகு மட்டும் ஓடிப்போவதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், எந்தத் துறையில் இறங்குகிறீர்கள், எந்த ஓடை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். வார நாளில் ஜனவரி காலையில் ஏரியில் வேறு படகே இருக்காது. நீர்புகாத பையில் ஒரு செட் உலர்ந்த உடை. பருத்தி வேண்டாம், நனைந்தால் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை நூல். கையுறை இரண்டு ஜோடி. ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி. படகுத்துறைச் சரிவில் பனி உறைந்திருந்தால் முதலில் இறங்கி நடந்து பாருங்கள், பிறகு வண்டியைப் பின்னால் எடுங்கள்.

விடியல்: பள்ளத்தின் உச்சியில்

ஜனவரியில் அங்கே சூரியன் 7:40 போலத்தான் வரும். 7 மணிக்கே முதல் பள்ளத்தின் வாயில் இருங்கள். பெரிய மோட்டாரை நூறு கெஜம் முன்னாலேயே அணைத்துவிட்டு, மின்மோட்டாரில் சத்தமில்லாமல் உள்ளே போங்கள். தூண்டிலைத் தொடாதீர்கள். முதலில் திரையைப் பாருங்கள்.

ஒலியலையால் தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் திரையில் பொடிமீன் கூட்டம் மேகம் மாதிரி தெரியும். மேகம் உருண்டு, வழவழப்பாக, அமைதியாக இருந்தால் அதைத் தொந்தரவு செய்ய யாரும் இல்லை. கிழிந்த துணி மாதிரி பிய்ந்து, நடுவில் ஓட்டை விழுந்து, கீழே வளைகோடுகள் தெரிந்தால் அங்கே பாஸ் வேலையில் இருக்கிறது. மேகமே இல்லாத பள்ளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்ததுக்குப் போங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

திரையை விடவும் நான் நம்புவது லூன் பறவைகளை. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு லேனியருக்கு வந்து தங்கும் நீர்ப்பறவை அது. ஒரு ஜனவரி காலை, தண்ணீர்மேல் ஆவி புகைந்துகொண்டிருந்தது, படகின் தளம் முழுக்க வெண்பனி. மூன்று பள்ளங்களில் திரை காலியாகவே இருந்தது. நான்காவதன் முனையில் ஒரு லூன் தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முழுகியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியதும் படகுக்கு இருபதடி தள்ளி மேலே வந்தது. அலகில் குறுக்கே ஒரு ஹெர்ரிங், இன்னும் துடித்துக்கொண்டு. அதைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கிவிட்டு மறுபடி அதே இடத்தில் முழுகியது. அன்று காலை பத்து மணிவரை நான் அந்தப் பள்ளத்தை விட்டு நகரவில்லை. கடற்காகங்கள் கூட்டமாகத் தண்ணீரில் பாய்ந்தாலும் இதே செய்திதான். தண்ணீர்மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்கு அர்த்தமில்லை.

சரி, மேகம் கிடைத்துவிட்டது. படகை ஆழத்தில் நிறுத்தி, பள்ளத்தின் மேடான உச்சியை நோக்கி அண்டர்ஸ்பின்னை வீசுங்கள். 5, 6 அடித் தண்ணீரில் விழட்டும். அடியைத் தொடும்வரை விடுங்கள், நரம்பு தொய்வதை வைத்து அது தெரியும். பிறகு ரீலை மெதுவாகச் சுற்றுங்கள். எவ்வளவு மெதுவாக என்றால், தகடு சுழல்வது கோலின் நுனியில் மெல்லிய அதிர்வாகத் தெரிய வேண்டும், அதற்குமேல் ஒரு துளி வேகமும் வேண்டாம். பள்ளம் ஆழமாகிக்கொண்டே வரும் அல்லவா, இரையும் தரையை ஒட்டி அதோடு இறங்கி வரட்டும். கடி 10, 15 அடியில் வரும். பெரும்பாலும் வெடுக்கென்ற அடியாக இருக்காது, திடீரென்று நரம்பு கனக்கும். கையைச் சொடுக்காதீர்கள். கோலைப் பக்கவாட்டில் அழுத்தமாக இழுத்து, சுற்றிக்கொண்டே இருங்கள்.

கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். நகத்தால் சுரண்டினால் வளையம் போய்விடும். கோலின் நுனியைத் தண்ணீருக்குள் சில நொடிகள் விட்டு எடுங்கள், உருகிவிடும்.

மேகமூட்டமான நாளில் இந்த விடியல் ஆட்டம் பத்து, பதினொன்று வரை நீடிக்கும். பளிச்சென்ற வானமாக இருந்தால் சூரியன் மரங்களுக்கு மேல் வந்த ஒரு மணி நேரத்தில் அணைத்த விளக்கு மாதிரி நின்றுவிடும். அங்கேதான் பலர் வேறு இடம் தேடி ஓடுகிறார்கள்.

வெயில் ஏறியதும்: இறங்குங்கள்

ஓடாதீர்கள். அதே பள்ளத்தில் படகைத் திருப்பி, முப்பது அடி ஆழமுள்ள இடத்துக்கு நகருங்கள். மீன் அங்கே இறங்கி வந்திருக்கும். பள்ளத்தின் இரண்டு பக்கச் சரிவில் எது செங்குத்தோ, எதில் பாறை இருக்கிறதோ அது முதலில். ஷேக்கி ஹெட்டை மேட்டில் வீசி, படிப்படியாகக் கீழே இழுத்து வாருங்கள். இழுப்பதற்குக் கோல், தொய்வை எடுப்பதற்கு மட்டும் ரீல். ஒவ்வொரு கல்லையும் கையால் தடவுவதுபோல உணர வேண்டும். ஒரு கல்லில் இடித்து, அதைத் தாண்டி விழும் அந்த நொடிதான் கடிக்கும் நொடி. விழுந்ததும் பத்து எண்ணும்வரை அசைக்காதீர்கள். இந்தக் குளிரில் நண்டும் புழுவும் ஓடி விளையாடுவதில்லை.

காற்று அடித்தால் மட்டும் திட்டம் மாறும். காற்று நேரே மோதும் பாறை முனைகளில் தண்ணீர் குழம்பும், பொடிமீன் திசை தப்பும், பாஸ் பட்டப்பகலிலும் மேலே வரும். அப்போது ஜெர்க்பெய்ட்டை எடுங்கள். இரண்டு சுண்டு, நிறுத்தம். ஒரு சுண்டு, நிறுத்தம். தண்ணீர் 50 டிகிரியைச் சுற்றி இருந்தால் நிறுத்தம் பத்து விநாடியாவது இருக்கட்டும். பத்து விநாடி சும்மா நிற்பது எவ்வளவு நீளம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். கடி அந்த நிறுத்தத்தில்தான் வரும்.

நடுப்பகல்: ஆழம்

பதினொரு மணிக்கு மேல் பள்ளம் ஓடைத்தடத்தில் விழும் இடத்துக்கு வாருங்கள், 35இலிருந்து 50 அடி. அடியில் நிற்கும் மரங்களின் உச்சிகள் திரையில் முள்முள்ளாகத் தெரியும். அவற்றை ஒட்டி பொடிமீன் மேகம், அதன் கீழே வளைகோடுகள். படகை நேர்மேலே நிறுத்தி டிராப் ஷாட்டை இறக்குங்கள். ஈயம் இறங்குவதே திரையில் ஒரு சாய்கோடாக வரும். மீன் அதை நோக்கி எழுந்து வருவதையும் பார்க்கலாம். எழுந்து வந்தால் இரையை அசைக்காமல் அப்படியே பிடித்திருங்கள். கை நடுக்கமே போதுமான அசைவு. பார்த்துவிட்டுத் திரும்பினால் ஓரடி உயர்த்துங்கள், தப்பிக்கும் இரையை விடச் சில மீன்களுக்கு மனசு வராது.

2018இல் வந்த லைவ்ஸ்கோப் போன்ற நேரலை சோனார் இருந்தால் இதெல்லாம் இன்னும் துல்லியமாகும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாதாரண சோனாரிலேயே நான் சொன்னதெல்லாம் தெரியும். அதற்கு ஆகும் பணத்தை முதல் வருடத்தில் நல்ல மழையுடைக்கும் உயிர்காப்புச் சட்டைக்கும் கொடுங்கள்.

ஆழத்து மீனை எப்படி விடுவது

என்னால் ஒரு நல்ல மீன் வீணாய்ப் போனது. 45 அடியில் பிடித்த நாலு பவுண்டு ஸ்பாட். நண்பருக்குக் காட்டிவிட்டு விடலாம் என்று படகின் மீன்தொட்டியில் போட்டேன். அரைமணியில் திறந்தபோது வயிறு உப்பி, மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. தண்ணீரில் விட்டேன். இறங்க முடியாமல் மேலேயே வட்டமடித்தது. அந்தக் கோலம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பாஸின் காற்றுப்பை மூடியது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும், வெளியேற வழியில்லை. 30 அடியைத் தாண்டினாலே இந்தப் பிரச்சினை தொடங்குகிறது. அதனால் ஆழத்தில் பிடித்த மீனை எடைபோட, படமெடுக்க நேரம் கடத்தாமல் முள்ளைக் கழற்றி, தலை கீழாகத் தண்ணீருக்குள் விசையோடு விடுங்கள். மிதந்தால், தாடையைக் கவ்வும் இடுக்கியில் கனமான ஈயம் கட்டிய இறக்குக் கருவியால் மறுபடி ஆழத்துக்கே கொண்டுபோய் விடலாம், கடைகளில் கிடைக்கிறது. ஊசி குத்திக் காற்றை எடுப்பவர்களும் உண்டு. பழகாத கை குடலில் குத்திவிடும், யாராவது நேரில் கற்றுத்தராமல் முயலாதீர்கள். நான் இப்போது 45 அடிக்குக் கீழே விளையாட்டுக்குப் பிடிப்பதில்லை. அங்கே பிடித்தால் சமையலுக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

சமையல் என்றதும் கேட்பீர்கள். 14 அங்குலத்தைத் தாண்டிய ஸ்பாட் நன்றாக இருக்கும். வெள்ளைச் சதை, கொடுவா மாதிரி கெட்டி, எண்ணெய்ப்பசை குறைவு. குழம்பைவிட வறுவலுக்குப் பொருந்தும். பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கலாம் என்பதால் மாநிலத்தின் உணவு அறிவுரையைப் பார்த்து, சின்னதாகவே எடுங்கள். ஒன்று மட்டும் செய்யக் கூடாது: உயிரோடு வேறு ஏரிக்கோ குட்டைக்கோ கொண்டுபோய் விடுவது. இந்த ஸ்பாட் புகுந்த பல தண்ணீர்களில் அங்கிருந்த பாஸ் இனங்களோடு கலந்து அவற்றை ஒழித்துக்கட்டியிருக்கிறது.

படகு இல்லாதவர்களுக்கு

கரையிலிருந்தும் முடியும், ஆனால் நேரம் தலைகீழ். விடியற்காலை வேண்டாம், மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். வெயிலைப் பார்த்த பாறைக்கரை, கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் விழும் இடம். பாறை சூடு பிடித்து ஒட்டிய தண்ணீரை ஒன்றிரண்டு டிகிரி ஏற்றும், நண்டும் பொடிமீனும் அங்கே வரும். மூன்று நாள் இதமான வெயிலுக்குப் பிறகு வரும் பிப்ரவரி மதியம் இதற்கு மிக நல்லது. கெய்ன்ஸ்வில் பக்கம் டான் கார்ட்டர் மாநிலப் பூங்காவும், ஏரியைச் சுற்றிப் பொறியாளர் படை நடத்தும் பூங்காக்களும் இருக்கின்றன. பின்னவற்றில் சில குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கி நிற்க ஆசைப்பட்டால் தண்ணீர் திறக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். சைரன் ஒலித்தால் அந்த நொடியே கரையேறுங்கள். தண்ணீர் நிமிடங்களில் ஏறும்.

நோட்டுப் புத்தகம்

கரை திரும்பி, படகை ஏற்றி, தண்ணீரை வடித்து, வண்டியில் ஹீட்டரைப் போட்டதும் கை கொஞ்சம் சூடேறும். அப்போதே எழுதுங்கள், வீட்டுக்குப் போனால் மறந்துவிடும். என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்: 'ஜனவரி மூன்றாம் வாரம். தண்ணீர் 49. மேகம், காற்று இல்லை. நாலாவது பள்ளம், லூன் இரண்டு. 7:50, 12 அடி, அண்டர்ஸ்பின், மூன்று மீன். 9:30, 28 அடி, வலப்பக்கப் பாறை, ஷேக்கி ஹெட், இரண்டு. 11:45, 38 அடி, மரத்தடி, டிராப் ஷாட், ஒன்று. முதல் மூன்று பள்ளத்திலும் பொடிமீன் இல்லை.' அடுத்த வருடம் அதே வாரத்தில், தண்ணீர் 50 டிகிரி இருந்தபோது, நேரே நாலாவது பள்ளத்துக்குப் போனேன். லூன் ஒன்றுதான் இருந்தது. பொடிமீன் இருந்தது.